ஹலால் அல்லாத சமையல் நடக்கும் வீட்டில் சுத்தம் பேணுவது: எங்கே சிக்கல், எப்படிச் சரிசெய்வது

இலங்கை மலையகத்தில் முஸ்லிம் அல்லாதவர்களோடு ஒரே அடுப்பைப் பகிர்ந்து வாழும் முஸ்லிம்கள் நிறையப் பேர். இஸ்லாத்துக்கு வந்த பிறகும் அம்மா அப்பாவோடு லயத்துக் காம்பராவிலேயே (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறை) இருக்கும் பிள்ளைகள், பேராதனையில் படிக்க வந்து நாலு பேரோடு அறை எடுத்திருப்பவர்கள், நுவரெலியாவில் வேலை கிடைத்து யாரோ ஒருவர் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருப்பவர்கள். அவர்கள் வந்து கேட்கும் கேள்விகளை வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேள்வி எதுவானாலும் அடியில் இருக்கும் பயம் ஒன்றுதான்: இந்த வீட்டில் இருந்துகொண்டு என் தொழுகை கூடுமா?

கூடும். ஆனால் எதைக் கழுவ வேண்டும், எதைக் கண்டுகொள்ளக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத இடத்தில் ஒன்று அலட்சியம் வரும், இல்லையென்றால் வஸ்வாஸ் என்னும் ஓயாத வீண் சந்தேகம் வரும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபை (மார்க்கச் சட்ட வழியை) பின்பற்றுபவர்கள் என்பதால் இங்கே சொல்வதும் அந்த மத்ஹபின்படிதான். வேறு மத்ஹபில் இலகு இருக்கும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் மூன்று கேள்வி

ஒன்று, பட்டது உண்மையிலேயே நஜிஸா, அதாவது மார்க்கச் சட்டப்படி அசுத்தமா? பன்றியும் நாயும் கடுமையான நஜிஸ். இஸ்லாமிய முறைப்படி அறுக்காத ஆடு, கோழி, மாடு, அவற்றின் கொழுப்பு, இரத்தம், சாராயம், சிறுநீர், சாணம் இவையெல்லாம் நடுத்தர நஜிஸ். மீன் எவர் பிடித்து எப்படிச் செத்தாலும் சுத்தம்தான். முட்டை, பருப்பு, மரக்கறி, பாண், தேங்காய் எல்லாம் சுத்தம். உங்கள் அம்மாவின் கை, அப்பாவின் வியர்வை, தம்பி குடித்து வைத்த தண்ணீர் இவையும் சுத்தம். இதைச் சந்தேகப்பட வேண்டாம். ஒரு பயணத்தில் தண்ணீர் தீர்ந்துபோனபோது, இணைவைக்கும் (அல்லாஹ்வோடு வேறு தெய்வங்களையும் வணங்கும்) ஒரு பெண்ணின் தோல்பையில் இருந்த தண்ணீரை நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் பயன்படுத்தினார்கள். குளிப்புக் கடமையாகியிருந்த ஒருவருக்குக் குளிக்கக் கொடுத்ததும் அந்தத் தண்ணீரைத்தான். இது புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது.

இரண்டு, ஈரம் இருந்ததா? காய்ந்த நஜிஸ் காய்ந்த பொருளில் பட்டால் எதுவும் ஒட்டாது. இரண்டில் ஒன்று ஈரமாக இருந்தால்தான் நஜிஸ் கடக்கும். வருடத்தில் பாதி நாள் மழையும் மூட்டமுமாக இருக்கும் நம் ஊரில் இந்தக் கேள்விதான் முக்கியமானது.

மூன்று, கண்ணால் பார்த்தீர்களா, அல்லது பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்களா? பார்க்காத வரை எந்தப் பொருளும் சுத்தம் என்பதுதான் அடிப்படை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நஜிஸ் பட்டால் வுழூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் செய்யும் சுத்தம்) முறியாது. பன்றிக்கறிச் சட்டியைத் தொட்டுவிட்டால் பட்ட இடத்தைத்தான் கழுவ வேண்டும். வுழூ அப்படியே இருக்கும். இது தெரியாமல் பலர் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப வுழூச் செய்து களைத்துப் போகிறார்கள்.

"வீட்டில் இருப்பது ஒரே தாச்சி. அதில் காட்டுப்பன்றி சமைத்துவிட்டார்கள்"

தோட்டப் பக்கங்களில் காட்டுப்பன்றி இறைச்சி அடிக்கடி வீட்டுக்கு வரும். கிடைத்த அன்று கறியாகவும், மிஞ்சியது அடுப்புக்கு மேலே தொங்கி வாட்டலாகவும் ஆகும். வளர்த்த பன்றியானாலும் காட்டுப்பன்றியானாலும் சட்டம் ஒன்றுதான்.

வேதக்காரர்களின் (யூதர், கிறிஸ்தவர்களின்) ஊரில் வாழ்ந்த நபித்தோழர் அபூ ஸஃலபா (ரலி) இதே கேள்வியை நபியவர்களிடம் கேட்டார். அவர்கள் சட்டிகளில் பன்றி சமைக்கிறார்கள், பாத்திரங்களில் மது குடிக்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்றார். வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் சாப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் தண்ணீரால் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று பதில் வந்தது. ஆகவே முதல் தீர்வு தனிச் சட்டி. ஒரு சின்ன அலுமினியச் சட்டி, ஒரு தாச்சி, ஒரு கத்தி, ஒரு வெட்டுப்பலகை, ஒரு அகப்பை இருந்தால் போதும். ஒரு மாதத்துக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்தாலும் பரவாயில்லை.

வாங்க வசதிப்படாத வரைக்கும் இருக்கிற தாச்சியைத்தான் கழுவியாக வேண்டும். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒன்று மண்ணால் கழுவ வேண்டும் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. பன்றியையும் ஷாபிஈ மத்ஹப் அதே வரிசையில் வைக்கிறது. செய்முறை இதுதான்.

முதலில் கொழுப்பு போக வேண்டும். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு நன்றாகத் தேயுங்கள். தாச்சியின் இரண்டு கைப்பிடியையும் இறுக்கியிருக்கும் ஆணிகளைப் பாருங்கள்; அந்த ஆணித் தலையைச் சுற்றித்தான் மஞ்சளாகக் கொழுப்பு படிந்திருக்கும். விளிம்பு மடிப்பின் உள்பக்கமும் அப்படியே. பழைய பல்துலக்கி ஒன்றால் அங்கே கிளறி எடுங்கள். விரலால் இழுத்தால் வழுக்கக் கூடாது, ஊற்றிய தண்ணீரில் எண்ணெய் மினுங்கக் கூடாது. இதற்குப் பத்துத் தடவை தண்ணீர் ஊற்றியிருந்தாலும் கணக்கில் ஒன்றுதான். பலர் தவறுவது இங்கே. கொழுப்பு போகும் முன்பே ஏழை எண்ணி முடித்துவிடுகிறார்கள்.

அடுத்தது மண். ஒரு சிரட்டை சுத்தமான மண் எடுத்துத் தண்ணீர் கலங்கும் அளவுக்குக் கரைத்து, உள்ளும் வெளியும் கறி பட்ட இடமெல்லாம் தடவி ஊற்றுங்கள். அது இரண்டாவது. பிறகு வெறும் தண்ணீரை ஐந்து தடவை எல்லா இடமும் படும்படி ஊற்றினால் ஏழு முடிந்தது. சவர்க்காரம் மண்ணுக்குப் பதிலாகாது என்பதே மத்ஹபின் வலுவான கருத்து.

மண்ணை எங்கே எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தேயிலை மலையில் உரமும் களைகொல்லியும் போட்டிருப்பார்கள், வீட்டோரத்து மண்ணில் நாயும் கோழியும் திரியும். மேல்மண்ணை ஒரு சாண் ஒதுக்கிவிட்டு அடியில் இருப்பதை எடுத்து, காயவைத்து, ஒரு போத்தலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். புற்றுமண் நைஸாக இருக்கிறதே என்று அங்கே கை வைக்காதீர்கள். அது அக்கம்பக்கத்தார் மஞ்சள் தெளித்துக் கும்பிடும் இடமாக இருக்கும். அவர்கள் மனதைப் புண்படுத்தி நமக்கு ஒரு சுத்தம் வேண்டாம்.

கழுவுவதை வெளியே கானோரமாகச் செய்யுங்கள். தெறிக்கும் தண்ணீர் உடுப்பில் பட்டால் அந்த இடத்தையும் மீதிக் கணக்குக்குக் கழுவ வேண்டி வரும்.

இவ்வளவும் முடியாத நிலை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம் மத்ஹபின் பெரிய அறிஞர் இமாம் நவவி, ஆதாரத்தின்படி பார்த்தால் பன்றிக்கு மண் இல்லாமல் ஒரே கழுவல் போதும் என்பதே வலுவானது என்று எழுதியிருக்கிறார். அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்தும் அதுவே என்கிறார். நெருக்கடியில் இதன்படி செய்பவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சமைத்தது அறுக்காத கோழியோ ஆடோ என்றால் ஏழும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். கொழுப்பும் ருசியும் போகக் கழுவி, மேலே சுத்தமான தண்ணீர் ஓடினால் முடிந்தது. எவ்வளவு தேய்த்தும் போகாத மணமோ நிறமோ மன்னிக்கப்பட்டது. பன்றி சமைத்த மண்சட்டியை மட்டும் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

"தனிச் சட்டி வைத்திருக்கிறேன். ஆனாலும் மனசு சரியில்லை"

சட்டியை விட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பொன்ஞ்சைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் கோளாறு அங்கேதான். பன்றிக்கறிக் கோப்பையைத் தேய்த்த அதே ஈர ஸ்பொன்ஞ்சால் உங்கள் சட்டியைத் தேய்த்தால், தனிச் சட்டி வைத்ததில் பலனில்லை. அதன் துளைகளுக்குள் கொழுப்பு போய் உட்கார்ந்துகொள்ளும். அதை ஏழு தடவை கழுவ முயலாதீர்கள். உங்களுக்கென்று வேறு நிறத்தில் ஒன்று வாங்கி, ஒரு கொக்கியில் உயரே மாட்டிவிடுங்கள். தென்னந்தும்பு போதும் என்றால் அதுவும் நல்லதுதான்.

அடுத்த கோளாறு பேசினில் தண்ணீர் நிறைத்து எல்லாப் பாத்திரத்தையும் ஒன்றாக முக்கி அலசுவது. கொஞ்சத் தண்ணீருக்குள் நஜிஸ் விழுந்தால் தண்ணீர் முழுவதும் நஜிஸ். தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் அது கழுவும். ஆகவே உங்கள் சாமானைக் குழாயடியிலோ பீலியிலோ (ஊற்றுத் தண்ணீர் விழும் இடம்) ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

பொரித்த எண்ணெய்யையும் கவனியுங்கள். சொசேஜ் பொரித்த எண்ணெய்யில் உங்களுக்கு வடை சுட்டுத் தந்தால் அதைச் சாப்பிட முடியாது. திரவமான எண்ணெய்யில் நஜிஸ் கலந்தால் சுத்தப்படுத்த வழியில்லை. கட்டியாக இருக்கும் மாஜரின் அப்படி இல்லை. பேக்கன் வெட்டிய கத்தியை மாஜரின் டப்பாவுக்குள் விட்டுவிட்டார்களா? பட்ட இடத்தையும் அதைச் சுற்றியும் வழித்து எறிந்துவிடுங்கள், மீதி சுத்தம். நெய்யில் எலி விழுந்து செத்தபோது எலியையும் அதைச் சுற்றி இருந்ததையும் எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடச் சொன்னார்கள் நபியவர்கள்.

"பிரிட்ஜில் மேல்தட்டில் இருந்து சொட்டுகிறது"

உறைந்து கல்லாகக் கிடக்கும்போது பிரச்சினை குறைவு. கரண்ட் போனால்தான் ஆபத்து. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் எத்தனை வீட்டில் இறைச்சித் தண்ணீர் உருகித் தட்டுத் தட்டாக வடிந்தது! உங்கள் சாமான்கள் எப்போதும் மேல்தட்டில், மூடியுள்ள பெட்டிக்குள் இருக்கட்டும். இறைச்சியைக் கீழ்த்தட்டில் ஒரு தட்டம் வைத்து அதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். கோழித் தண்ணீர் பிரிட்ஜெல்லாம் வடியாமல் இருப்பது அவர்கள் சுகாதாரத்துக்கும் நல்லது என்பதால் இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

சொட்டிவிட்டதா? மூடிய பெட்டி, உறை கிழியாத பால் பக்கெட் என்றால் வெளியே மட்டும் கழுவுங்கள். திறந்திருந்த சம்பலில் விழுந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். தக்காளி, கரட் போன்றவை கழுவினால் சரி. ஒரே பிரிட்ஜில் பக்கத்தில் இருந்தது என்பதாலோ மணம் ஏறிவிட்டது என்பதாலோ எதுவும் நஜிஸ் ஆகாது.

"பீப்பாத் தண்ணீருக்குள் கறி அகப்பையை விட்டுவிட்டார்கள்"

குழாய் எல்லா நேரமும் வராத லயங்களில் வாசலில் ஒரு நீலப் பீப்பா இருக்கும். சமையல், குளியல், உங்கள் வுழூ எல்லாம் அதில்தான். இரண்டு குல்லா (பழைய அரபு அளவு) தண்ணீர், நிறமோ மணமோ ருசியோ மாறாத வரைக்கும் நஜிஸ் ஆகாது. இன்றைய அளவில் அதைச் சுமார் 216 லீட்டர் என்று பலர் கணக்கிடுகிறார்கள். நம் பீப்பா நிறைந்தாலே கிட்டத்தட்ட 200 லீட்டர்தான். காலையில் நாலு பேர் எடுத்த பிறகு பாதிதான் இருக்கும். ஆகவே இறைச்சிக் கறி ஒட்டிய அகப்பை உள்ளே போனதைப் பார்த்தால், ஷாபிஈ மத்ஹபின்படி அந்தத் தண்ணீரில் வுழூ கூடாது. கறி பன்றி என்றால் பீப்பாவுக்கும் மேலே சொன்ன கழுவல்தான்.

சண்டை பிடித்துத் தண்ணீரைக் கொட்டச் சொல்லாதீர்கள். தண்ணீர் தூக்கிக் கொண்டுவந்தவர்களின் முதுகு வலிக்கும். மாலிக் மத்ஹபில் நிறம், மணம், ருசி மாறாத கொஞ்சத் தண்ணீரும் சுத்தம்தான். வேறு தண்ணீரே இல்லாத நாளில் அந்தக் கருத்தைப் பின்பற்ற இடமுண்டு. நிரந்தரத் தீர்வு இலகுவானது: மூடி போட்ட 20 லீட்டர் கேன் ஒன்றில் பீலியில் இருந்து நேரே பிடித்து உங்கள் வுழூவுக்கென்று வையுங்கள். கேனின் வாய் சின்னது, யாரும் எதையும் உள்ளே விட முடியாது. கூரைமேல் 500, 1000 லீட்டர் தாங்கி இருக்கும் வீட்டில், தாங்கி பாதிக்கு மேல் நிறைந்திருக்கும் வரை இந்தக் கவலையே வேண்டாம்.

"அப்பா குடிப்பார். கிளாஸும் பாயும் சாராயம்"

சாராயமும் கள்ளும் நஜிஸ், ஆனால் நடுத்தரம். கிளாஸைக் கழுவினால் போதும். பாயில் சிந்தினால் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மேலே தண்ணீர் ஊற்றுங்கள். மூடிய போத்தல் ஒரு மூலையில் இருப்பதால் அந்தக் காம்பராவில் தொழ முடியாது என்பதில்லை. அப்பாவைத் தூக்கிப் படுக்க வைத்தபோது சாராயமோ, அவர் எடுத்த வாந்தியோ உங்கள் மேல் பட்டிருந்தால் அந்த இடத்தைக் கழுவிக்கொள்ளுங்கள். அவரைத் தொட்டதில் வேறொன்றும் இல்லை. நத்தாருக்கு வரும் கேக்கில் பிரண்டி ஊற்றியிருப்பார்கள், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

"இஸ்தோப்பில் (வீட்டு முன் விறாந்தையில்) நாய். மழையில் நனைந்து வந்து உடம்பை உதறுகிறது"

தோட்டத்தில் நாய் இல்லாத லயமே கிடையாது. காய்ந்த நாய் காய்ந்த சாரத்தில் உரசிப் போனால் ஒன்றுமில்லை. நனைந்த நாய் உதறித் தண்ணீர் உங்கள் மேல் தெறித்ததைப் பார்த்தால் அந்த இடத்தை ஏழு தடவை, ஒரு தடவை மண்ணோடு கழுவ வேண்டும். அதற்குத்தான் மண் போத்தல். மாலிக் மத்ஹபில் உயிரோடு இருக்கும் நாய் சுத்தம் என்பதையும் தெரிந்து வையுங்கள்.

நம் இமாம்கள் சொல்லும் ஓர் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பாத்திரத்துக்குள் நாய் தலையை விட்டது, வெளியே எடுக்கும்போது அதன் வாய் ஈரமாக இருந்தது. ஆனால் உள்ளே வாய் வைத்ததை யாரும் பார்க்கவில்லை. அப்படியானால் பாத்திரம் சுத்தம் என்கிறார்கள். ஈரம் வேறு எங்கிருந்தும் வந்திருக்கலாம். இவ்வளவு நெருக்கமான சந்தேகத்தையே ஒதுக்கிவிட்டார்கள் என்றால், இஸ்தோப்புத் தரை ஈரமாக இருந்தது, நாயும் அந்தப் பக்கம் போயிருக்கும் என்ற நினைப்புக்கு எந்த இடமும் இல்லை. மழைக்காலத்து ரோட்டுச் சேறும் அப்படித்தான். தவிர்க்க முடியாமல் காலில் படுவது மன்னிக்கப்பட்டது.

உங்கள் செருப்பையும் தொழுகை உடுப்பையும் நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்தாலே இந்தத் தலையிடி பெருமளவு குறையும். நாயை அடிக்கவோ பட்டினி போடவோ கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"தொழ இடமே சுத்தமில்லை"

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர். மூலையில் அடுப்பு, சுவரில் சாமிப் படம், தரை சாணியால் மெழுகியது. ஷாபிஈயில் மாட்டுச் சாணம் நஜிஸ். மாலிக், ஹன்பலி மத்ஹபுகளில் சுத்தம். எப்படியும் காய்ந்த தரையில் காய்ந்த பாயோ தடித்த துணியோ விரித்துத் தொழுதால் தொழுகை கூடும். உங்கள் உடம்பும் உடுப்பும் படும் பரப்பு சுத்தமாக இருப்பதுதான் நிபந்தனை. அன்றைக்குத்தான் மெழுகி ஈரமாக இருந்தால் கீழே ஒரு றெக்ஸின் துண்டைப் போடுங்கள், ஈரம் மேலே வராது. படம் எதிரே வராத பக்கமாகவோ, கிப்லா (தொழும்போது முன்னோக்கும் கஅபாவின் திசை) அந்தப் பக்கம்தான் என்றால் முன்னால் ஒரு மறைப்பு வைத்தோ தொழுங்கள்.

கறி கொதிக்கும் மணத்தோடு தொழலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தொழலாம். மணம் நஜிஸ் அல்ல; உடுப்பில் ஏறிய அடுப்புப் புகை கொஞ்சமானால் மன்னிக்கப்பட்டது. கறியில் உட்கார்ந்த ஈ வந்து உங்கள் மேல் உட்கார்ந்தாலும் அதன் காலில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருப்பது மன்னிக்கப்பட்டது. அடுப்புக்கு மேலே வாட்டல் இறைச்சி தொங்கினால் மட்டும் அதற்கு நேர்கீழே பாயை விரிக்காதீர்கள். சூட்டில் கொழுப்புச் சொட்டும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் உடுப்புக் காய நாலு நாள் எடுக்கும். ஈர உடுப்பு எல்லாரோடதும் ஒரே கொடியில் கிடந்தாலும், நஜிஸ் கறை இருப்பதைப் பார்க்காத வரை பிரச்சினை இல்லை.

"தொழுது முடித்த பிறகு சட்டைக் கையில் கறிக்கறை கண்டேன்"

தொழுகைக்குப் பிறகு பட்டிருக்க வாய்ப்பு இருந்தால் திரும்பத் தொழ வேண்டாம். முன்பே இருந்தது நிச்சயம் என்றால் திரும்பத் தொழ வேண்டும் என்பதே நம் மத்ஹபின் பிரபலமான நிலைப்பாடு. நபியவர்கள் தொழுகையின் நடுவில், செருப்பில் அசுத்தம் இருப்பதாக வானவர் ஜிப்ரீல் (அலை) அறிவித்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தொழுகையைத் தொடர்ந்தார்கள், ஆரம்பத்தில் இருந்து தொழவில்லை. இதை வைத்துத் தெரியாமல் தொழுதது கூடும் என்று சொல்பவர்களும் பலர். நேரம் இருந்தால் திரும்பத் தொழுதுவிடுங்கள், மனம் ஆறும்.

"நான் சட்டியைப் பிரித்து வைத்ததில் இருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை"

எல்லாவற்றிலும் கடினமான சிக்கல் இது. மண்ணும் தண்ணீரும் இதற்கு உதவாது.

அம்மாவின் பக்கம் இருந்து யோசியுங்கள். தோட்டத்துச் சனங்கள் தீட்டுப் பார்க்கப்பட்டவர்கள். ஊருக்குள் போனால் தனிக் கிளாஸ், திண்ணைக்கு வெளியே நில் என்று கேட்டு வளர்ந்த பரம்பரை. பெற்ற பிள்ளையே தன் கோப்பையைத் தனியாக எடுத்து வைப்பதைப் பார்த்தால் அந்தப் பழைய காயத்திலேயே கத்தி பாயும். "ஏன்டி, நான் தொட்டா ஒனக்கு ஆகாதா?" என்று கேட்கும் அம்மாவிடம் மஸ்அலா (மார்க்கச் சட்டம்) பேசிப் பயனில்லை. கொட்டகலைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி சொன்ன பதில் எனக்கு மறக்காது: "நீங்க தொட்டதுல ஒண்ணுமில்லம்மா. நீங்க பெசஞ்சு ஊட்டுங்க, சாப்புடுறேன். பண்டிக் கொழுப்பு மட்டும்தான் எனக்கு ஆகாது." சொன்னதோடு நிற்கவில்லை. பருப்பும் நெத்தலியும் தன் சட்டியில் சமைத்து, அம்மா கையால் பிசைந்து ஊட்டச் சொல்லி வாயைத் திறந்தாள். சட்டமும் சரியாக இருந்தது, அம்மாவும் அழுகையை நிறுத்தினார்.

நபித்தோழி அஸ்மா (ரலி) அவர்களின் தாய் இணைவைப்பவராக இருந்த நிலையில் பார்க்க வந்தபோது, நான் அவரோடு உறவைப் பேணலாமா என்று அஸ்மா கேட்டார்கள். ஆம், உன் தாயோடு உறவைப் பேணு என்றார்கள் நபியவர்கள். அல்லாஹ்வுக்கு இணைவைக்கச் சொன்னால் பெற்றோருக்குக் கட்டுப்படாதே, ஆனாலும் உலக விடயங்களில் அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள் என்று குர்ஆனும் 31ஆவது அத்தியாயத்தில் சொல்கிறது.

செய்முறையாகச் சொன்னால்: பாத்திரம் கழுவும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். யாரையும் எதையும் சொல்லித் திருத்த வேண்டிய தேவை பாதியாகக் குறையும். அம்மாவுக்கு முன்னால் அவர் தந்த கோப்பையைத் திரும்பக் கழுவாதீர்கள். உங்கள் சாமானைத் தனி அலுமாரியில் பூட்டி வைக்காமல், அதே தட்டில் ஒரு ஓரமாக வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் எல்லாருக்குமாக மீன்குழம்போ சோயாவோ நீங்கள் சமையுங்கள். 'நஜிஸ்' என்று அவர்கள் காதுபட ஒருபோதும் சொல்லாதீர்கள்.

"எத்தனை தடவை கழுவினாலும் சுத்தமானதாகத் தெரியவில்லை"

கைவிரல் இடுக்குகள் வெடித்து, ஒரு சட்டி கழுவ அரை மணித்தியாலம் போகிறதென்றால் கோளாறு சட்டியில் இல்லை. தொழுகையில் காற்றுப் பிரிந்தது போல் தோன்றுவதாக முறையிட்டவரிடம், சத்தம் கேட்காமல் அல்லது மணம் தெரியாமல் தொழுகையை விட வேண்டாம் என்றார்கள் நபியவர்கள். நிச்சயம் தெரிந்ததைச் சந்தேகம் முறிக்காது என்ற பெரிய சட்டவிதி இதில் இருந்து எடுக்கப்பட்டதுதான். நஜிஸை நீக்க நிய்யத்தும் (மனதில் எண்ணம் வைப்பதும்) தேவையில்லை. தண்ணீர் ஓடி, அடையாளம் போனால் சுத்தம்.

ஒரு வேலை செய்யுங்கள். கழுவி முடித்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுங்கள். திரும்பிப் பார்க்காதீர்கள். ஜனவரிக் குளிரில் நுவரெலியாத் தண்ணீரில் இருபது தடவை கை வைக்கச் சொல்லி எந்த இமாமும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) மட்டுமல்ல, வைத்தியரிடமும் போக வேண்டும். இது வைத்தியம் உள்ள நோய்.

"தீபாவளிக்கு வீட்டில் கோழி அடிக்கிறார்கள், நான் மட்டும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்"

நீங்களே அறுக்கலாம். பெண்ணும் அறுக்கலாம். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை மேய்த்த பணிப்பெண், சாகக் கிடந்த ஆட்டைக் கூரான கல்லால் அறுத்தார். அதைச் சாப்பிட நபியவர்கள் அனுமதித்தார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி, மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முழுமையாக அறுபட வேண்டும். பழக்கமில்லை என்றால் ஹட்டன், கம்பளை, பதுளை எந்த ஊரானாலும் டவுனில் முஸ்லிம் இறைச்சிக்கடை இருக்கும், வீட்டுக்கு முழுவதற்குமான கோழியை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். வீட்டார் அதைச் சாப்பிடுவதில் அவர்களுக்கு ஒரு தடையும் இல்லை, சட்டியைக் கழுவும் வேலை உங்களுக்கும் மிச்சம். முனியாண்டிக்கோ மாடனுக்கோ நேர்ந்துவிட்ட சேவலை மட்டும் அறுத்துத் தருகிறேன் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதை உங்கள் கையால் அறுத்தாலும் ஹலால் ஆகாது. அதை முன்கூட்டியே, தீபாவளிக்கு ஒரு கிழமை இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அடுப்படியில் வைத்துச் சொல்லாதீர்கள்.